பால் பாக்கெட்டுக்கு அடியில்

தேவாலாவில் அன்று மழை
குடைக்குள்ளும் பெய்தது.
அங்கன்வாடிப் பலகையில் யாரோ எழுதிய ஆடு, இலை;
அதன் முன்னால் மேசை போட்டு
நாற்பத்தொரு கைகளைத் தட்டித் தட்டி
நரம்பு தேடினேன்.
குழாய்க்கு ஊதா மூடி. மூடிக்கு ஓர் எண்.
பெயர் எழுதக் கூடாது,
நெறிமுறைக் குழுவின் உத்தரவு.

நூற்று நாற்பத்தேழு தானாகவே சொன்னாள்:
கெம்பி. வயசு முப்பத்தாறு. எஸ்டேட்டில் இலை பறிக்கிறேன்.
படிவத்தில் கட்டைவிரல் வைக்குமுன்
மை காயக் காத்திருப்பவள் போலக் கேட்டாள்:
"எடுத்துட்டுப் போறீங்க சரி.
அது என்ன சொல்லுச்சுன்னு வந்து சொல்வீங்களா?"
போன முறை வந்தவர்கள் சொல்லவில்லையாம்.
அதற்கு முன் வந்தவர்களும்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.
சொல்கிறேன் என்றேன்.

நடுவட்டத்துக்குக் கீழே
கற்பூர மரம் ஒன்று சாலையின் குறுக்கே படுத்துவிட்டது.
ஐஸ் பெட்டியின் வெப்பமானி
ஒன்பது, பத்து, பன்னிரண்டு.
பீரான் டீக்கடையில் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது.
"மேல் தட்டு வேண்டாங்க, உறைஞ்சா உடைஞ்சிடும்!"
அவர் ஆப்ப மாவை நகர்த்தினார்.
பால் பாக்கெட்டுக்கு அடியில்
நாற்பத்தொரு பேரும் படுத்துக்கொண்டார்கள்.
"ஒட்டுற நோயா?"
"இல்லை, பிறக்கும்போதே கூட வருவது."
"அப்போ பால் தப்பிச்சுது."
டீக்கு மட்டும் காசு வாங்கினார்,
கரண்டுக்கு வாங்கவில்லை.

மருத்துவக் கல்லூரி, மூன்றாம் மாடி.
வட்டமாய் மிதக்க வேண்டிய சிவப்பணுக்கள்
கவாத்துக் கத்தி மாதிரி வளைந்து கிடந்தன.
அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று,
இரண்டுமே அரிவாள்.
இந்த ரத்தத்தோடு தேவாலா மழையில் நனைகிறவள்
எலும்புக்குள் கண்ணாடி நொறுங்குவதுபோல்
கதறியிருக்க வேண்டும் வருடா வருடம்.
அவளிடம் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டுகூட இல்லை.

குழாய் மாறிவிட்டதோ என்று மறுபடி ஓட்டினேன்.
மறுபடியும் அதே கோடு.
வளர்ந்தவர்களுக்குச் சமவெளியாக இருக்கும் இடத்தில்
அவளுக்கு ஒரு மலை.
கரு ஹீமோகுளோபின், இருபத்து நான்கு சதவீதம்.

வயிற்றில் இருக்கும்போது
தாயின் ரத்தத்திலிருந்து மூச்சை இழுத்துத் தருவது அது.
பிறந்த சில மாதத்தில்
பந்தி முடிந்த அடுப்பைப்போல் உடல் அதை அணைத்துவிடும்.
இவளுக்குள் யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள்.
முப்பத்தாறு வருடமாக
ஒரு மறதி அவளைப் பார்த்துக்கொள்கிறது.

எங்கள் குழு துள்ளியது.
எந்த மரபணுவில் எந்த எழுத்து என்று
இரண்டு வருடம் தேடினோம்.
கட்டுரை வெளிவந்தது.
அதில் அவள் நான்காம் அட்டவணை, ஏழாம் வரி.

ஜனவரியில் விடுப்பு போட்டுப் போனேன்.
இதற்குத் திட்ட நிதியில் தலைப்பு கிடையாது.
எடை போடும் கொட்டகையில், வரிசையில் நின்றிருந்தாள்.
சொன்னேன். அடுப்பு என்றுதான் சொன்னேன்,
வேறு சொல் வரவில்லை.
பச்சை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"எங்கக்காவுக்கு?"
அணைஞ்சிருக்கும்.
இருபத்திரண்டில் செத்துப்போனாளாம், ஓர் ஆடி மாதம்.
"என்கிட்ட இருக்கறதை அவ பையனுக்குக் குடுக்க முடியுமா?"

முடியாது.
இப்போதைக்கு முடியாது என்று திருத்தினேன்,
திருத்தியது எனக்காகவா அவளுக்காகவா தெரியவில்லை.
சனீஷுக்குக் கொடுக்கும் அந்த கேப்ஸ்யூல்
அணைந்ததைத்தான் ஊதிப் பார்க்கிறது;
சிலருக்குப் பற்றும்.
"அவன் துப்பிடறான். கசக்குதாம்.
ஏன் குடுக்கறாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

"அறுபத்திரண்டு!"
கங்காணி கூப்பிட்டது அவளைத்தான்.
மூட்டையைத் தலைக்கு ஏற்றியபடி சொன்னாள்:
"நாலு மணிக்கு ஸ்கூல் விடும். இருந்து
அவன்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க,
அந்த அடுப்புக் கதையை."

கடைசி பஸ் மூன்றரைக்கு.